பிடுங்கினால் என்ன வரும்

மகள் திருச்சிக் கல்லூரி விடுதிக்குப் போன அன்று என் போனில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நான் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அழுகை வந்தா இதை விளையாடும்மா" என்றாள். நாற்பத்திரண்டு வயதில், பத்துப் பதினைந்து ஜாக்கெட் வெட்டாமல் கிடக்கும்போது, போனில் விளையாட எனக்கென்ன பைத்தியமா என்று கேட்டேன். பைத்தியம் பிடிக்க எனக்குச் சரியாக நான்கு நாள் ஆனது.

விளையாட்டு இதுதான். தலையில் துண்டு கட்டிய ஒரு சின்னப் பெண் வரப்பு மாதிரி ஒரு பாதையில் நடந்து போவாள். வழியெல்லாம் புல் கொத்துக் கொத்தாக முளைத்திருக்கும். எந்தக் கொத்தின்மேல் விரலை வைத்து இழுத்தாலும் அவள் குனிந்து அதைப் பிடுங்குவாள். மண்ணுக்குள்ளிருந்து ஏதாவது ஒன்று வரும். பெரும்பாலும் முள்ளங்கி. சில சமயம் மஞ்சள் காசு, சில சமயம் ஒரு குப்பி, ஒரு தடவை தூங்கிக்கொண்டிருந்த கோழி வந்தது. எப்போதாவது திரி எரிகிற வெடிகுண்டு வரும். அது கையில் வந்துவிட்டால் மூன்று எண்ணுவதற்குள் தூக்கி எறிய வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு மல்லாக்க விழுவாள். மேலே இருந்து பார்த்தால் எல்லாக் கொத்தும் ஒரே பச்சை, ஒரே உயரம். முள்ளங்கிக்கு ஒரு இலை, குண்டுக்கு ஒரு இலை என்று கிடையாது. நேற்று முள்ளங்கி வந்த இடத்தில் இன்று குண்டு வரும்.

என்னைப் பிடித்து உட்கார வைத்ததே அதுதான். என் வேலையில் எதிர்பாராதது என்று ஒன்றும் கிடையாது. முப்பத்தாறு இஞ்சு என்றால் முப்பத்தாறு இஞ்சு. கழுத்து ஆழம் எவ்வளவு, கை நீளம் எவ்வளவு, எல்லாம் நோட்டில் இருக்கும். கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்கிறேன். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, ஊசியால் ஒவ்வொரு மணியாகக் கோத்துத் தைப்பது. ஆயிரம் மணி தைத்தாலும் ஆயிரத்து ஒன்றாவது மணி அதே மணிதான். போனில் மட்டும்தான் இழுத்தால் என்ன வரும் என்று தெரியாத ஒரு வாழ்க்கை எனக்குக் கிடைத்தது. மகள் இல்லாத வீட்டில் மத்தியானம் எவ்வளவு நீளம் என்பது அதைக் கடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் குட்டியானை ஓட்டுகிறார். சின்ன லோடு வண்டிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். வல்லத்திராக்கோட்டையில் காய் ஏற்றினால் அன்னவாசல் வரை போய் இறக்கிவிட்டு மூன்று மணிக்குத்தான் சாப்பிட வருவார். அதுவரை நான் விளையாடுவேன். வண்டிச் சத்தம் கேட்டதும் போனை லைனிங் துணிக்கு அடியில் தள்ளிவிட்டு ஊசியைக் கையில் எடுத்துக்கொள்வேன். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டவர்கள் இருக்கும் வயதில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒளித்து வைத்தேன். அவர் திட்டுவார் என்று பயமில்லை. அவருக்குத் திட்டவே வராது. அவர் வெயிலில் வண்டி ஓட்டும்போது நான் முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஐப்பசி மாதம் கண் வலிக்க ஆரம்பித்தது. முதலில் இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டை விரலால் அமுக்குகிற மாதிரி. பிறகு இரண்டு கண்ணும் சிவந்துபோனது. அவர் கவனித்துக் கேட்டார். ஆரி வேலையால்தான், மணி ரொம்பச் சின்ன மணி என்று சொன்னேன். யோசிக்காமல் வந்த பொய். அதை அவர் அப்படியே நம்பினார்.

நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாள் பெரிய பல்பு ஒன்று வாங்கி வந்து சட்டத்துக்கு மேலே மாட்டினார். தையல் மெஷினைத் தூக்கி ஜன்னல் பக்கம் போட்டார். கல்யாண ஜாக்கெட் கேட்டு வந்த பெண்ணிடம், அவளுக்குக் கண் வலிக்குது, பத்து நாள் கழித்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று எனக்கும் சேர்த்து அவரே பேசினார். தினமும் என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கண்ணாஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்றார். போனால் டாக்டர் போன் பார்ப்பீர்களா என்று அவர் எதிரிலேயே கேட்டுவிடுவார் என்று நான் தட்டிக் கழித்தேன். விளையாடுவதையும் நிறுத்தவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் யாருக்கு எதைக் கொடுத்தாலும் முதலில் தான் வாயில் போட்டுப் பார்ப்பார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் மருந்தைக்கூட ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் புகட்டுவார். தயிர் புளித்திருக்கிறதா, மீன் கெட்டிருக்கிறதா, எல்லாவற்றுக்கும் அவர் நாக்குதான். மகள் அவரைச் சோதனைச்சாலை என்று கேலி செய்வாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

கார்த்திகை பிறந்து சில நாட்களில், அன்னவாசலில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், வேலியில் ஒரு கொடி பூத்திருப்பதை அவர் பார்த்திருக்கிறார். சிவப்பும் மஞ்சளுமாக, விரல்களை மேலே தூக்கிய மாதிரிப் பூ. மகளின் பாடப் புத்தகத்தில் மாநிலப் பூ என்று படம் போட்டிருந்ததே, அதுதான் என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அவர் ஆவுடையார்கோவில் பக்கத்து ஆள், வயலும் கண்மாயுமான ஊர். அங்கே அவர் இந்தக் கொடியைப் பார்த்ததே இல்லையாம். பக்கத்துக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், இந்தக் கொடிக்கு இங்கே என்ன பேர் என்று கேட்டிருக்கிறார்.

"அதுங்களா? கண்வலிக்கெழங்கு" என்று அந்த அம்மா சொல்லிவிட்டு அங்கிட்டு நகர்ந்துவிட்டது.

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? தலைவலி மாத்திரை என்றால் தலைவலிக்குப் போடுவது. இருமல் மருந்து இருமலுக்கு. பல்வலித் தைலம் பல்வலிக்கு. கண்வலிக்கிழங்கு? வீட்டில் ஒருத்தி கண்வலியோடு உட்கார்ந்திருக்கும்போது தமிழ் தெரிந்த ஒரு மனுசன் வேறு எப்படித்தான் யோசிப்பார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. போதாததற்கு அது அரசாங்கப் பூ வேறு. அரசாங்கம் கெட்டதையா போய்ப் பூவாக வைத்துக்கொள்ளும்? இந்தக் கேள்வியைப் பிற்பாடு என்னிடம் அவர் நிஜமாகவே கேட்டார்.

வேரோடு பிடுங்கி, கிழங்கைத் துண்டில் முடிந்து கொண்டுவந்தார். அன்றைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டதால் போனை மறைக்க எனக்கு நேரம் பத்தவில்லை. அடுப்படிக்கு நேராகப் போனவர் என் பக்கம் திரும்பவில்லை, தப்பித்தேன் என்று நினைத்தேன். தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது, அடுப்புப் பற்ற வைக்கும் சத்தம் கேட்டது. சந்தையில் சர்க்கரைவள்ளி மீந்திருக்கும், வேக வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். எட்டு அடி தூரம்தான். நான் அப்போது ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தேன், அதைத் தாண்டினால் புதுத் தோட்டம் திறக்கும். அவர் கிழங்கை வேக வைத்து, ஆற வைத்து, தோலுரிக்கிற வரைக்கும் நான் தலையைத் தூக்கவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். முகத்தில் ஒரு சந்தோசம். "ஒன் கண்ணுக்கு மருந்து கெடச்சிருச்சு. மொதல்ல நான் தின்னு பாத்தேன். லேசாக் கசக்குது. காலைல வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா ஒனக்குத் தாரேன்" என்றார்.

என்ன மருந்து என்றுகூடக் கேட்காமல் சரிங்க என்றேன். அவர் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்ததும் போனை மறுபடி எடுத்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் முதல் வாந்தி. வாய் எரிகிறது, தொண்டை எரிகிறது என்றார். அன்னவாசலில் தின்ற பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரே காரணமும் சொன்னார். அடுத்தடுத்து வாந்தி, வயிற்றுப்போக்கு. நாலாவது தடவை எழுந்தவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார், அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. தலையெல்லாம் வேர்த்து நனைந்திருந்தது. அப்போதுதான் அடுப்படிக்கு ஓடினேன். தட்டைப் போட்டு மூடி வைத்திருந்த மீதிக் கிழங்கைப் பார்த்தேன். நாளைக்கு என்று எனக்காக எடுத்து வைத்தது.

ஆம்புலன்சில் அதையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். பெரியாஸ்பத்திரியில் பையைப் பிரித்துப் பார்த்த நர்ஸ் முகம் மாறிப்போனது. வீட்டில் ஏதும் சண்டையா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். கடன் கிடன்? இல்லை. பிறகு ஏன் இதைச் சாப்பிட்டார் என்று கேட்டபோதுதான், சாக நினைப்பவர்கள் தேடிப்போகிற கிழங்கு அது என்று எனக்குப் புரிந்தது. பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்று ஊரில் சொல்வார்களாம், அதனால் அந்தப் பெயராம். பக்கத்துப் படுக்கைக்குத் துணைக்கு வந்திருந்த ஆவூர்ப் பெண் சொன்னாள். அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் இருந்த இரண்டு பேருக்குத்தான் தெரியவில்லை.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். இதற்கென்று முறிவு மருந்து இல்லை, சலைன் ஏற்றிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இப்போது தெளிவாகப் பேசுகிறாரே என்று நம்பிவிடாதீர்கள், இரண்டாம் நாள் மூன்றாம் நாள்தான் உள்ளே போனது வேலையைக் காட்டும் என்றார். அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது என் கையில் இருந்த போன் அதிர்ந்தது. விளையாட்டிலிருந்து வந்திருந்தது. உங்கள் தோட்டத்தில் புதுச் செடிகள் முளைத்திருக்கின்றன, வந்து பிடுங்குங்கள் என்றிருந்தது. எனக்கு அந்தப் போனைச் சுவரில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. மகளுக்குச் சொல்ல அது வேண்டுமே என்று வைத்துக்கொண்டேன்.

விடிந்து முதல் பஸ்ஸில் மகள் வந்து சேர்ந்தாள். அவள் வார்டுக்குள் நுழைந்து அரை மணி நேரத்தில் போலீஸ்காரரும் வந்துவிட்டார். விஷக் கேஸ் என்றால் ஆஸ்பத்திரியில் இருந்து தகவல் போகுமாம். நல்ல மனுசர்தான், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டார். எனக்குக் கண்வலி, அதற்கு மருந்து என்று நினைத்துக் கொண்டுவந்தார் என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார்.

"ஒங்களுக்குக் கண்வலின்னா, அவரு ஏங்க சாப்பிட்டாரு?"

அவருக்கு எல்லாவற்றையும் நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த இடத்தில், அந்த நாற்றத்தில், அது எவ்வளவு கேவலமான பொய்யாகக் கேட்கும் என்று எனக்கே தெரிந்தது. வேக வைத்தது யார் என்று போலீஸ்காரர் அடுத்துக் கேட்டார். எங்கள் வீட்டு அடுப்படி, வீட்டில் நான் இருந்தேன், அவர் இருந்தார், வேறு யாரும் இல்லை. மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

படுக்கையில் இருந்தவர் கண்ணைத் திறந்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது. "கண்ணு வலி எனக்குத்தான் சார். வண்டி ஓட்டி ஓட்டி வந்தது. நானே புடுங்கினேன், நானே வேக வச்சேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

போலீஸ்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார், அவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரர் சொன்னதையே எழுதிக்கொண்டு கையெழுத்துக்குப் பதில் கைரேகை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அப்போது பேனா பிடிக்கக்கூடத் தெம்பில்லை.

வராண்டாவில் மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ரெண்டு பேர்ல யாரும்மா பொய் சொல்றீங்க?"

என் கண் சிவந்திருந்தது. ராத்திரி முழுக்க அழுதது என்று அவள் நினைத்திருப்பாள். என் கண் என்று சொன்னால் ஏன் வலித்தது என்று கேட்பாள், அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். அந்த விளையாட்டு பஸ் ஸ்டாண்டில் நின்று அவள் தன் கையால் போட்டுக் கொடுத்தது. பதினெட்டு வயதுப் பிள்ளையால் அதைத் தூக்கிச் சுமக்க முடியாது. அப்பா சொன்னதுதான் நிஜம், போலீஸைப் பார்த்ததும் பயத்தில் உளறிவிட்டேன் என்றேன். அன்றைக்கு முழுவதும் அவருக்கு வாயில் தண்ணீர் ஊற்ற என்னை விடாமல் அவளே ஊற்றினாள்.

மூன்றாம் நாள் டாக்டர் சொன்ன மாதிரியே ஆனது. மூத்திரம் குறைந்துபோனது, ரத்தத்தில் என்னவோ இறங்கிக்கொண்டே போகிறது என்றார்கள். மகள் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டை எடுத்துக்கொண்டு போயிருந்த நேரம், நான் அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆரி வேலை இல்லை, போன்தான் என்றேன். புல்லைப் பிடுங்குகிற விளையாட்டு என்றேன். நீங்கள் அடுப்பில் தண்ணீர் வைத்த சத்தம் கேட்டது, அப்போதும் நான் விளையாடிக்கொண்டுதான் இருந்தேன் என்றேன். அவர் போய்விட்டால் இதைச் சொல்ல எனக்கு ஆள் இருக்காது என்ற பயத்தில் சொன்னது. இப்போது யோசித்தால், போகிறவர் தலையில் அதையும் ஏற்றிவிடத்தான் பார்த்திருக்கிறேன்.

"பாப்பா போட்டுக் குடுத்ததா?" என்று கேட்டார்.

ஆமாங்க என்றேன்.

"அவகிட்ட சொல்லிராத" என்றார்.

அவர் பிழைத்துவிட்டார். ஐந்தாம் நாள் மூத்திரம் இறங்கியது, பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு தலைமுடி கொட்டியது. சீப்பு வைத்தால் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது, தலையணையெல்லாம் முடி. புருவமும் போய்விட்டது. மறுபடி முளைக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கூட்டி அள்ளும்போது எனக்கு அழுகை அடங்கவில்லை. ஊருக்குள் ஆளுக்கொரு கதை. விஷம் குடித்தார் என்றார்கள், பெண்டாட்டி கொடுத்தாள் என்றும் ஒரு பேச்சு இருந்தது. கல்யாண ஜாக்கெட் கேட்டிருந்த பெண் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மகள் அடுத்த லீவுக்கு வந்தபோது அவரை இழுத்துக்கொண்டு போய்க் கண் பரிசோதனை செய்ய வைத்தாள். நாற்பத்தெட்டு வயதில் யாருக்கும் கொஞ்சம் பவர் இருக்கும். கண்ணாடி போட்டார்கள். பேப்பர் படிக்கும்போது வேண்டாவெறுப்பாக மாட்டிக்கொள்கிறார்.

அந்த விளையாட்டை ஆஸ்பத்திரியிலேயே அழித்துவிட்டேன். அதன்பிறகு போனில் பேசுவதைத் தவிர வேறு எதற்கும் தொடுவதில்லை. ஆறு மாதமாகிறது. கண்வலி போகவில்லை.

இப்போது இடது கண்ணில் பல்பைப் பார்த்தால் சுற்றி ஒரு வளையம் தெரிகிறது, வானவில் நிறத்தில். ஓரத்தில் வருகிற ஆள் தெரிவதில்லை, சட்டென்று முன்னால் வந்து நின்ற மாதிரி இருக்கிறது. மணிகளைத் தடவித் தடவித்தான் தைக்கிறேன். அப்படியானால் அன்றைக்கும் வலித்தது விளையாட்டால் இல்லையோ என்னவோ. உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நாள் கடத்தக் கூடாது, எனக்குத் தெரியாமல் இல்லை. போனால் மகளுக்குத் தெரியும். வராண்டாவில் சொன்னது பொய் என்று தெரியும், அதிலிருந்து நூல் பிடித்துப் போனால் மற்றதும் தெரியும். இவருக்குத் தெரிந்தால் என்ன செய்வாரோ என்ற பயம் அதைவிடப் பெரிது. என் கண்ணுக்காக எதையாவது தேடிப் போவார், கிடைத்ததை முதலில் தன் வாயில்தான் போடுவார்.

முடி இப்போது குட்டையாக முளைத்திருக்கிறது. தினமும் காலையில் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, கண்ணு எப்படி இருக்கு என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார். நல்லா இருக்குங்க என்று சொல்கிறேன். அவர் நம்பிவிட்டுப் போகிறார்.